அம்மாச்சி வீட்டு மே மாசம்: பாம்பன் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?

7 ஏப்ரல் 2025, வாசகர் கேள்வி

பாட்டி வீட்டு லீவுன்னு எழுதுற எல்லாரும் வயக்காடு, பம்புசெட்டுக் குளியல், மாந்தோப்புன்னே எழுதுறாங்க. ராமநாதபுரம் கடற்கரையில பாட்டி வீடு இருந்தவங்க யாருமே இல்லையா? அந்தப் பக்கம் குடிதண்ணிக்கே கஷ்டம்னு சொல்வாங்க. பத்துப் பதினஞ்சு பேரப்பிள்ளைகளை ஒரு மாசம் வச்சு எப்படிச் சமாளிச்சாங்க? தினமும் மீன்தானா?

8 ஏப்ரல் 2025, இரவு 9.50

நான் இருக்கேன். பாம்பன். அம்மாவைப் பெத்தவங்க வீடு, எங்களுக்கு அம்மாச்சி வீடு.

புதுப் பாலத்துல ரயில் போறதை நேத்து முன்தினம் டிவியில பார்த்ததுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்லை. எங்க காலத்துல 1914-ல கட்டின பழைய பாலம், மீட்டர்கேஜ் வண்டி. மதுரையில ஏறினா பரமக்குடி வர்றதுக்குள்ள கட்டுச்சோறு காலி. மண்டபம் தாண்டினதும் வண்டி சைக்கிள் வேகத்துக்கு வந்துரும். சன்னல்ல எட்டிப் பார்த்தா தண்டவாளத்துக்குப் பக்கத்துல தரையே தெரியாது, நேரா தண்ணிதான். காத்து 58 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல அடிச்சா சிவப்பு சிக்னல் விழுந்துரும். ஒரு தடவை மண்டபத்துலயே ரெண்டு மணி நேரம் நிப்பாட்டிட்டாங்க. அக்கரையில அம்மாச்சி ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு நிக்கிறாங்கன்னு நினைச்சு நான் அழுதேன். 1988-லயே ரோட்டுப் பாலம் திறந்தாச்சு, பஸ்ல போயிருக்கலாம். ஆனா அப்பாவுக்கு ரயில்தான்.

பெரியம்மா பிள்ளைகள் 4, நாங்க 3, பெரிய மாமா பிள்ளைகள் 4, சின்ன மாமா பிள்ளைகள் 2. மொத்தம் 13. நான் சொல்றது 1990-ல இருந்து 1999 வரைக்கும்.

8 ஏப்ரல் 2025, இரவு 10.40

தண்ணியைப் பத்திக் கேட்டிருந்தீங்க, அதை விட்டுட்டேன்.

வீட்டுக் கிணறு உப்பு. பாத்திரம் கழுவ, துணி அலச மட்டும். குடிக்க ஊத்துத் தண்ணி. தென்னந்தோப்புக்குப் பின்னாடி மணல்ல கையால பறிக்கணும். முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமாகும், இன்னும் கொஞ்சம் பறிச்சா அடியில தண்ணி கண் திறந்த மாதிரி ஊறும். மொதல்ல கலங்கலா வரும். அதை இறைச்சுக் கொட்டிட்டு உக்காந்திருக்கணும். தெளிஞ்சதும் சிரட்டையில மோந்து, துணி கட்டின குடத்துல ஊத்தணும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேல ஆகும்.

ஊத்துல ஒரு கட்டுப்பாடு உண்டு. அவசரப்பட்டு ஆழமாத் தோண்டக்கூடாது. "ஆழத் தோண்டுனா கடல் வந்துரும்த்தா" என்பாங்க அம்மாச்சி. சின்ன வயசுல அதை நான் பயமுறுத்துற பேச்சுன்னு நினைச்சேன். நெசமே அதுதான். மழைத்தண்ணி மணல்ல இறங்கி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கும், நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். மேலாக்க எடுத்தா இனிப்பு, பேராசைப்பட்டா உப்பு.

13 பிள்ளைகளுக்கும் முறை உண்டு, விடியக்காலையில மூணு மூணு பேரா. கடல்ல குளிச்சு ஆடிட்டு வந்தா ஆளுக்கு ரெண்டு செம்பு நல்ல தண்ணி, தலையில ஒண்ணு, மேலுக்கு ஒண்ணு. மூணாவது செம்பு கேட்டு வாங்கின பிள்ளை கிடையாது.

9 ஏப்ரல் 2025

மீன் தினமும்தான். சீலா மீன் குழம்பு, மாங்காய் போட்டு. மண்சட்டியில ராத்திரி வச்சது காலையில பழைய சோத்துக்கு.

9 ஏப்ரல் 2025, மாலை

மேலே எழுதினது தப்பு. அக்காவுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன், ஒரு மணி நேரம் கழிச்சு போன் பண்ணி, "சீலாவா? கனவு கண்டியா? சீலாவெல்லாம் அப்பா கொண்டுவிட வர்ற அன்னிக்கும் கூட்டிப் போக வர்ற அன்னிக்கும்தான். மத்த நாளெல்லாம் பொடி மீன், சூடையும் காரலும்தான்" என்றாள்.

யோசிச்சுப் பார்த்தா அவ சொல்றது சரி. சூடை முள்ளு நாக்குல குத்தினது இப்பவும் நினைவிருக்கு. காரலை உப்புக்கண்டம் மாதிரி காயப்போட்டு, பொரிச்சு, கஞ்சிக்கு ஆளுக்கு மூணு. எண்ணித்தான் வைப்பாங்க. பெரிய மீன் ரெண்டே நாள் சாப்பிட்டது எப்படி ஒரு மாசத்துக்கும் நீண்டதுன்னு தெரியலை.

11 ஏப்ரல் 2025

மே மாசம் விசைப்படகெல்லாம் கட்டித்தானே கிடக்கும், மீன் ஏதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நானும் அப்படித்தான் நினைவு வச்சிருந்தேன். வரிசையாப் படகு நிக்கும், நாங்க கயித்துல ஏறி விளையாடுவோம்.

ஆனா கணக்கு இடிக்குது. தமிழ்நாட்டுல மீன்பிடித் தடைக்காலம் வந்ததே 2001-லதான், ஏப்ரல் 15-ல இருந்து 45 நாள். 2017-ல அதை 61 நாள் ஆக்கினாங்க. 1990-கள்ல மே மாசம் படகு ஓடியிருக்கு. அப்போ வரிசையா நின்ன படகுகளை நான் பார்த்தது காலேஜ் படிக்கிறப்ப தனியாப் போனப்ப. அந்தப் படத்தைக் கொண்டுபோய் சின்ன வயசுல ஒட்டியிருக்கேன். கயித்துல ஏறினது மட்டும் உண்மை, முழங்கால்ல தழும்பு இருக்கு.

13 ஏப்ரல் 2025, ஞாயிறு

இன்னிக்குச் சமையல் முடிச்சு உக்காந்ததும் அம்மாச்சியைப் பத்தி மட்டும் எழுதணும்னு தோணுச்சு.

ஒல்லி உடம்பு. பாம்படம் வடிச்ச காது. எங்களுக்குத் தெரிஞ்சு அவங்களை மாதிரி பக்தி யாருக்கும் கிடையாது. அமாவாசை வந்தா மூணு நாலு நாள், பவுர்ணமி வந்தா மூணு நாலு நாள், நாங்க முழிக்கிறப்ப வீட்டுல இருக்க மாட்டாங்க. "அம்மாச்சி எங்கே?"ன்னா, "ராமேஸ்வரம் கோயிலுக்குப் போயிருக்கு, அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு வரும்" என்பாங்க சித்தி, அம்மாவோட தங்கச்சி. மத்தியானம் போல வருவாங்க. தலைமுடி ஈரம் சொட்டும், கன்னத்துல உப்புப் பூத்திருக்கும். வந்ததும் மடியை அவிழ்த்து எங்களுக்கு ஏதாவது எடுத்துக் கொடுப்பாங்க. சோழி, சின்னச் சங்கு, ஒரு தடவை ஐவிரல் சங்கு. கோயில் வாசல் கடையில வாங்கினதுன்னு சொல்வாங்க. அந்த ஐவிரல் சங்குக்கு நானும் பெரிய மாமா மகனும் அடிச்சுக்கிட்டோம், எனக்குத்தான் கிடைச்சது. இப்பவும் என் பீரோவுல இருக்கு.

பின்பக்கச் சாய்ப்புல ஒரு பவுடர் டப்பா இருக்கும். அதுக்குள்ள பழைய சேலையை விரல் அகலத்துக்குக் கிழிச்ச துணிப்பட்டைகள். மரப்பாச்சிக்குச் சேலை கட்ட அதைத் திருடுவோம். அதுக்கு மட்டும் அம்மாச்சிக்குக் கோபம் வரும். மத்தது எதுக்கும் வராது.

14 ஏப்ரல் 2025

அரையாண்டு லீவுல ஏன் போகலைன்னு ஒரு கேள்வி வந்திருக்கு. நல்ல கேள்வி. டிசம்பர்ல அம்மாச்சி வீட்டுல நாங்க ஒருத்தரும் கூடினது கிடையாது. லீவு கொஞ்ச நாள்தானே, அதனாலதான்னு நினைச்சிருந்தேன்.

அம்மாவைக் கேட்டேன். "1964 புயலுக்கு அப்புறம் மார்கழியில பிள்ளைகளை இந்தக் கரைக்குக் கூட்டி வரவேண்டாம்னு உங்க அம்மாச்சி சொல்லிருச்சு" என்றார். டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி ஊரே அழிஞ்சப்ப அம்மாவுக்கு 7 வயசு. பாம்பன்ல இருந்து கிளம்பின பாசஞ்சர் வண்டி ஆளோட கடலுக்குள்ள போனது அந்த ராத்திரிதான். அம்மாச்சிக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் லீவுக்கு மாமியார் வீட்டுக்குப் போகுதுன்னு அந்த வண்டியில ஏறினது. இதுக்கு மேல அம்மா பேசலை. நானும் கேக்கலை.

16 ஏப்ரல் 2025, இரவு 11.20

இதை எப்படி எழுதுறதுன்னு ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன்.

ஞாயித்துக்கிழமை எழுதினதை அக்கா பாம்பன் சித்திக்கு அனுப்பியிருக்கா. சித்தி மகன் வாசிச்சுக் காட்டியிருக்கான். சித்தி எனக்கு போன் பண்ணினாங்க. மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை.

"ஏப்பிள்ள, அம்மா எங்க கோயிலுக்குப் போச்சு? வருசத்துக்கு ஒரு தடவை ஆடி அமாவாசைக்குப் போனா பெருசு. பாசி எடுக்கப் போச்சுடி."

கடல்பாசி. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டின நாள்ல கடல் நல்லா வத்திக் கிடக்கும். அப்போ பார்ல, அதான் கடலுக்குள்ள இருக்கிற பாறைத் திட்டுல, நிக்கலாம், முங்கலாம். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பொம்பளைகளோட சேர்ந்து விடியறதுக்கு முன்னாடி வள்ளத்துல போயிருக்காங்க. கண்ணுக்குக் கண்ணாடி, காலுல தேஞ்ச ரப்பர் செருப்பைத் துணியால சேர்த்துக் கட்டி, இடுப்புல வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையில ஒட்டின மரிக்கொழுந்துப் பாசியைப் பிச்சு எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டு மேலே வரணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்டேன். "யாரு எண்ணுனா" என்றாங்க.

விரல் அறுத்துராம இருக்கத்தான் அந்தத் துணிப்பட்டை.

சித்தியோட கணக்கு இது: மே மாசத்து அரிசி, மளிகை, மாங்காய், நாங்க குடிச்ச பதனீர், அப்பா வர்ற அன்னிக்கு வாங்கின சீலா, எல்லாம் பாசிக் காசு. மத்த மாசத்துல பவுர்ணமிக்கு மட்டும் போறவங்க, நாங்க வர்ற மாசம் ரெண்டுக்கும் போயிருக்காங்க.

17 ஏப்ரல் 2025, காலை

ராத்திரி தூங்கலை. எழுந்து பீரோவைத் திறந்து ஐவிரல் சங்கை எடுத்துப் பார்த்தேன்.

ராமேஸ்வரம் கடையில விக்கிற சங்கு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். திராவகத்துல கழுவி, மெருகு ஏத்தி, பளபளன்னு இருக்கும். இது அப்படி இல்லை. முதுகு முழுக்கச் சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி சொரசொரப்பு. ரெண்டாவது விரலுக்கும் மூணாவது விரலுக்கும் நடுவுல அரிசி அளவு பவளப்பூச்சிக் கூடு ஒட்டியிருக்கு. ஒரு விரல் நுனி உடைஞ்சிருக்கு, உடைஞ்ச இடமும் பழசாகி மழுங்கியிருக்கு. உள்வாய் மட்டும் பழுப்பும் ரோஸும் கலந்து வழுவழுன்னு. கடையில வாங்கின சாமானே இல்லை இது. முப்பது வருசமா என் வீட்டுல இருக்கு. எத்தனை வீடு மாத்தினப்பவும் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தேன். ஒரு நாள் கூட இப்படிப் பார்க்கலை.

வீட்டுக்குப் பின்னாடி மணல்ல காஞ்ச கறுப்புக் குப்பை, அது மேல குதிச்சு விளையாடுவோம். "தென்னைக்கு உரம்" என்பாங்க. சாய்ப்புல தொங்கின ரப்பர் கண்ணாடி, சின்ன மாமாவோடதுன்னு சொன்னாங்க. எல்லாம் கண்ணு முன்னாலதான் இருந்திருக்கு.

17 ஏப்ரல் 2025, பகல்

ஏன் மறைச்சாங்கன்னு மூணு பேர் கேட்டாச்சு. சித்தி சொன்னது: மாப்பிள்ளைமார் காதுக்குப் போகக்கூடாது. மாமியார் கடல்ல முங்கிப் பாசி எடுக்குறான்னு தெரிஞ்சா மதுரைக்காரங்க பிள்ளைகளை அனுப்ப மாட்டாங்கன்னு பயம். பிள்ளைங்க வாயில எதுவும் நிக்காது. அதனால கோயில்.

படிச்சதும் எனக்கு அப்பா மேல ஆத்திரம் வந்துச்சு. அவர் இல்லை இப்போ, கேக்கவும் முடியாது.

19 ஏப்ரல் 2025

அப்பாவைப் பத்தி எழுதினதை மாத்திக்கிறேன். அழிக்கலை, மேலே இருக்கட்டும்.

அம்மா சொன்னது: 1994 வாக்குல அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்களைக் கூட்டிப் போக ஒரு நாள் முன்கூட்டியே வந்துட்டாராம். அம்மாச்சி வள்ளத்துல இருந்து இறங்கி பாசி மூட்டையைத் தலையில வச்சு வர்றதைக் கரையிலயே பார்த்துட்டார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்காங்க. அப்பா திரும்பி ஸ்டேஷன் பக்கம் நடந்து, ஒரு மணி நேரம் கழிச்சு அப்பத்தான் வண்டி இறங்கின மாதிரி வீட்டுக்கு வந்தாராம். அம்மாச்சி குளிச்சு, திருநீறு பூசி, "வாங்க மாப்பிள்ள, வண்டி தாமசமோ?"ன்னு கேட்டிருக்காங்க. "ஆமாத்தை"ன்னு இவர் சொல்லியிருக்கார். கடைசி வரைக்கும் அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்லை. அடுத்த வருசத்துல இருந்து எங்களைக் கொண்டுவிடும்போது ஒரு அரிசி மூட்டையும் கூட வந்துச்சு. எனக்கு அந்த மூட்டை ஞாபகம் இருக்கு. ரயில்ல அது மேலதான் உக்காந்து வருவேன்.

20 ஏப்ரல் 2025

பாசி எதுக்குன்னு கேட்டவருக்கு: மரிக்கொழுந்துல இருந்தும் கஞ்சிப்பாசியில இருந்தும் அகர்னு கூழ் மாதிரி உறைய வைக்கிற பொருள் எடுப்பாங்க. மருந்து, ஐஸ்க்ரீம், ஜெல்லி, ஆய்வுக்கூடம் எல்லாத்துக்கும் போகுது. கட்டக்கோரைன்னு ஒண்ணு உண்டு, அது வேற உபயோகம், விலையும் குறைவு.

1986-ல மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினப்புறம் தீவுப் பக்கம் போக விதி வந்துச்சு. அதுவும் வாயை மூடி வச்சிருந்ததுக்கு ஒரு காரணமா இருக்கலாம், சித்தி அதைச் சொல்லலை, என் ஊகம். 2015-ல சின்னப்பாலத்துப் பாசி எடுக்கிற பெண்மணி ஒருத்தருக்கு, தீவுகளோட இயற்கையைக் காக்கிறவங்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருது கிடைச்சது. அப்போ பேப்பர்ல படிச்சு, "நம்ம அம்மாச்சி ஊர்"னு பெருமையா நாலு பேருக்கு அனுப்பினேன். அம்மாச்சி வேலையும் அதுதான்னு அப்போ தெரியாது.

21 ஏப்ரல் 2025

"அந்தக் காலத்துல பாட்டி வீட்டுல எதுக்கும் குறைவில்லை"ன்னு கீழே ஒருத்தர் எழுதியிருக்கார். பத்து நாள் முன்னாடி நானும் அதையேதான் எழுதியிருப்பேன். தயவுசெஞ்சு உங்க வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே கேளுங்க: அரிசி எங்கே இருந்து வந்துச்சு, காசு யார் கொடுத்தாங்க, யார் எத்தனை மணிக்கு எழுந்தாங்க. எங்க அம்மாச்சி 2008-ல போனாங்க. 1999-லயே என்னால கேட்டிருக்க முடியும். எனக்கு அப்போ 16 வயசு, கேக்கத் தோணலை.

22 ஏப்ரல் 2025

பழைய ரயில் தூக்குப் பாலம் கப்பலுக்காகத் திறக்கிறதைப் பார்த்திருக்கீங்களான்னு யாரோ கேட்டீங்க. பார்த்திருக்கேன். ரெண்டு பக்கமும் ஆளுங்க இரும்புக் கம்பியைப் பிடிச்சுச் சுத்துவாங்க, கூப்பின கை பிரியிற மாதிரி மெதுவா விரியும். நடுவுல கப்பல் போகும். 13 பேரும் ரோட்டுப் பாலத்துல வரிசையா நின்னு கையாட்டுவோம். புதுசு அப்படி விரியாது, நடுத்துண்டு அப்படியே நேரா மேலே ஏறும்.

28 மே 2025

போயிட்டு வந்துட்டேன். மகளையும் கூட்டிப் போனேன். 26 சாயங்காலம் பாம்பன்ல இறங்கினோம், 27 அமாவாசை, வேணும்னே அந்தத் தேதிதான் எடுத்தேன்.

சித்திக்கு முட்டி வலி, கடலுக்குப் போய் ஆறு வருசம் ஆச்சு. ஆனா நாலரை மணிக்கு எழுப்பிக் கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கச்சான் காத்து தூக்குது. தென்கடல் வத்திக் கிடந்துச்சு, பார் கறுப்பா முதுகு காட்டிக்கிட்டு. குருசடைத் தீவு பக்கம் கையைக் காட்டி, "அந்தா, அந்த ஓரம்தான் எங்கம்மா இடம். அங்க மத்தவுக இறங்க மாட்டாக" என்றாங்க.

அப்புறம் மணல்ல உக்காந்து, மடியில இருந்து பழைய வாயில் சேலைத் துண்டை எடுத்தாங்க. பல்லால கடிச்சு ஆரம்பிச்சு, சரக்குன்னு நீளமாக் கிழிச்சாங்க. என் வலது கையை இழுத்து மடியில வச்சு, பெருவிரல்ல ஆரம்பிச்சாங்க. நகத்துக்கு மேல ஒரு சுத்து, கணுவுல இறுக்காம ரெண்டு சுத்து, உள்ளங்கைப் பக்கம் முடிச்சு. "முடிச்சு வெளிப்பக்கம் இருந்தா பாறையில மாட்டும்." அப்புறம் ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கிடையாது. பாசியைப் பிச்சு இழுக்கிறது இந்த மூணு விரல்தான்.

விரலை மடக்கிப் பார்த்தேன். மடங்குது, ஆனா துணி ஈரமானா இறுகும்னாங்க. கடல்ல முக்கச் சொன்னாங்க. இறுகுச்சு.

மக பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. "எனக்கும் கட்டி விடுங்க சின்ன அம்மாச்சி"ன்னு கையை நீட்டினா. சித்தி இன்னொரு பட்டை கிழிச்சாங்க. அவ விரலுக்கு அகலம் அதிகமா இருந்ததால அதையே மறுபடி ரெண்டாக் கிழிச்சாங்க.